பஸ்ஸில் போகிறவர்கள் வராத கூட்டம்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். பஸ்ஸில் போகாதவர்களும் வாசியுங்கள். உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் பஸ்ஸில் போகிறார்.

எதிர்வரும் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு, நமது பகுதியின் பஸ் நேரங்களையும் தரிப்பிடங்களையும் மாற்றுவது சம்பந்தமாக மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடக்கவிருக்கிறது. அறிவித்தல் தபாற்கந்தோர்ச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. நேற்றுப் பாடசாலை விட்டு வரும்போது நின்று வாசித்தேன். பக்கத்தில் நின்ற தெரிந்த காக்கா ஒருவர் சிரித்தார். "முடிவெடுத்திட்டுத்தான் கூப்பிடுறாங்க டீச்சர். போனா டீயும் ரோல்ஸும் கிடைக்கும், அவ்வளவுதான்."

இரண்டு வருடங்களுக்கு முன்பு நானும் இப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்புக்கு ஒரு விலை இருந்தது. அதை நான் கொடுக்கவில்லை, இன்னொரு வீட்டுப் பிள்ளை கொடுத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்போதும் இதே மாதிரி ஒரு கூட்டம் வைத்தார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தது என் காதில் விழுந்தது. பாடசாலை நாள். லீவு எடுக்க வேண்டும். ஆண்கள் போவார்கள், பேசுவார்கள் என்று விட்டுவிட்டேன். பிறகு விசாரித்தால், ஆண்கள் போயிருக்கிறார்கள்தான். ஆனால் போனவர்களில் அநேகமானோர் மோட்டார் சைக்கிளில் போய் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள். பஸ்ஸில் போகிறவர்கள் அந்த நேரத்தில் வேலையில் இருந்தார்கள், வகுப்பில் இருந்தார்கள், கிளினிக் வரிசையில் இருந்தார்கள்.

கூட்டம் முடிந்து சில வாரங்களில் காலை 6.20 இ.போ.ச. பஸ் 6.50க்குப் போனது. அதற்குப் பதிலாக 6.15க்கு ஒரு தனியார் பஸ் போட்டார்கள். கடதாசியில் பார்த்தால் நட்டமே இல்லை. ஒரு பஸ் பிந்தியது, ஒரு பஸ் கூடியது. கேட்கிறவருக்கு நல்ல மாற்றம் போலத்தான் இருக்கும்.

ஆனால் சீசன் டிக்கட் வைத்திருக்கும் பிள்ளை இ.போ.ச. பஸ்ஸை எதிர்பார்த்துத்தான் நிற்கும். தனியார் பஸ்ஸில் ஏறினால் கையில் காசு வேண்டும், போக ஒரு தடவை, வர ஒரு தடவை. 6.50 பஸ்ஸில் ஏறினால் டவுனுக்கு நாற்பது நிமிடம். பாடசாலை தொடங்குவது 7.30க்கு. தினமும் பிந்திப் போய் கேற்றில் நிற்க வேண்டியதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை. பெயர் வேண்டாம். ஓ.எல். நன்றாகச் செய்து, டவுன் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவில் இடம் கிடைத்தது. வாப்பா கடலுக்குப் போகிறவர். முதல் மாதம் பிந்திப் பிந்திப் போனாள். இரண்டாம் மாதம் மூன்று பிள்ளைகள் சேர்ந்து ஓட்டோ பிடித்தார்கள். கடல் இல்லாத காலம் வந்ததும் அந்த ஓட்டோக் காசு கட்ட முடியவில்லை. உம்மா வந்து என்னிடம் சொன்னார், "ஊர் ஸ்கூல்லயே ஆர்ட்ஸ் படிக்கட்டும் டீச்சர்." இன்று அவள் கலைப்பிரிவில் படிக்கிறாள். கலைப்பிரிவு குறைந்தது என்று நான் சொல்லவில்லை, நானும் அதில் படித்தவள்தான். ஆனால் அவள் அதைத் தெரிவுசெய்யவில்லை. ஒரு பஸ் நேரம் அவளுக்காகத் தெரிவுசெய்தது.

நானும் அந்த 6.20 பஸ்ஸில் போனவள்தான். எனக்குத் தம்பியின் மோட்டார் சைக்கிள் இருந்தது. அதனால் என் வேலைக்கு ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்துக்குப் போகாமல் விட்டது நான், பாதிக்கப்பட்டது அவள். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு எனக்குக் கோபம் வந்தது. என்ன அடிப்படையில் மாற்றினார்கள் என்று கேட்டு எழுதினேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் யாரும் கேட்கலாம். வக்கீல் தேவையில்லை, ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். எனக்குப் பதில் வந்தது. அதில் ஒரு வரிதான் இன்னும் மனதில் நிற்கிறது. அந்த மாற்றத்துக்குப் பொதுமக்களிடமிருந்து எழுத்து மூலமான ஆட்சேபனை எதுவும் கிடைக்கவில்லை என்பதே அது.

அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே யாரும் எழுதவில்லை. ஊரெல்லாம் திட்டினோம். ஹோல்ட்டில் நின்று திட்டினோம், வட்ஸ்அப் குரூப்பில் திட்டினோம், முகநூலில் சிவப்பு முகம் போட்டோம். ஒரு கடதாசியில் எழுதி ஒப்பமிட்டு ஒருவரும் கொடுக்கவில்லை. நாம் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று ஃபைலில் போட்டுவிட்டார்கள்.

பஸ் விடயத்தில் யாருக்குக் குரல் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தனியார் பஸ் உரிமையாளர்களுக்குச் சங்கம் இருக்கிறது. சாரதி, நடத்துநர்களுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது. 2025 ஓகஸ்ட் இறுதியில், இ.போ.ச. பஸ்களையும் தனியார் பஸ்களையும் ஒரே நேர அட்டவணையில் ஓடவைக்கும் திட்டத்துக்கு எதிராக இ.போ.ச. தொழிற்சங்கங்கள் சில பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கியது நினைவிருக்கும். அது சரியா பிழையா என்பது வேறு கதை. அவர்கள் சொல்வதை நாடே கேட்டது. ஹோல்ட்டில் நிற்கும் பிள்ளைக்குச் சங்கம் இல்லை. கிளினிக்குக்குப் போகும் மூத்தம்மாவுக்குத் தொழிற்சங்கம் இல்லை. அவர்களுக்கு இருப்பது இந்தக் கூட்டம் ஒன்றுதான். அதையும் நாம் காலியாக விட்டுவிடுகிறோம்.

சரி, யாரிடம் எதைக் கேட்பது? இதில்தான் நாம் அதிகம் பிழை விடுகிறோம். எல்லாவற்றையும் எல்லாரிடமும் கேட்கிறோம். நான் விசாரித்து விளங்கிக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களுக்கு அனுமதிப்பத்திரமும் நேரமும் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையின் கையில். 13ஆவது திருத்தத்தின்படி மாகாணத்துக்குள்ளான பயணிகள் சேவை மாகாண விடயம். கொழும்பு, கண்டி போகும் மாகாணங்களுக்கிடையிலான பஸ்கள் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கீழ் வருகின்றன. இ.போ.ச. பஸ் எப்போது எங்கிருந்து கிளம்பும் என்பதை டிப்போவில் கேட்க வேண்டும். பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது, உள் வீதிகள் உள்ளூராட்சி சபைக்கு. அதனால் கொழும்பு பஸ் நம் ஹோல்ட்டில் நிற்காமல் போவதைப் பற்றி டிப்போ முகாமையாளரிடம் சத்தம் போட்டால் அவர் கையை விரிப்பார். நமக்குக் கிடைத்த இரண்டு நிமிடமும் அதோடு போய்விடும்.

இன்னொரு விடயம். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. மாகாண பஸ் விடயங்களைச் சபையில் எழுந்து கேட்க நாம் தெரிவுசெய்த ஆள் ஒருவர்கூட இல்லை. பெரும்பாலான உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சிலிருந்து 2025 மே 6 தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல்தான் இருந்தன. இடையில் ஆள் இல்லாதபோது, அதிகாரிகளும் மக்களும் நேருக்கு நேர் இருக்கும் இப்படியான கூட்டத்துக்குப் பெறுமதி கூடுகிறது.

"எம்.பி.க்கிட்ட சொன்னா ஒரு கோல்ல முடிஞ்சிடும்" என்று சிலர் சொல்வார்கள். முடியும். அடுத்த தேர்தலில் அவர் தோற்றால் பஸ்ஸும் அவரோடு போய்விடும். நம் ஊரில் அப்படி வந்து அப்படியே போன பஸ்ஸை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

இப்போது அறிவித்தலில் உள்ள மூன்று மாற்றங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, பாடசாலை விட்டதும் வரும் 1.45 பஸ்ஸை 2.30க்குத் தள்ளுவது. 1.30க்குப் பாடசாலை விடுகிறது. பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் வெயிலில் ரோட்டோரத்தில் நிற்பார்கள். பெண் பிள்ளைகளை அப்படி நிற்கவிட விரும்பாத பெற்றோர் என்ன செய்வார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. மேலே சொன்ன கதை திரும்ப நடக்கும்.

ஏன் இந்தப் பஸ்ஸில் கை வைக்கிறார்கள்? அவர்கள் பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும். சீசன் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் டிக்கட் வெட்டுவதில்லை. ஐம்பது பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு போனாலும் அந்த ஓட்டத்தின் டிக்கட் வருமானம் மெலிவாகத்தான் தெரியும். கணக்கை மட்டும் பார்க்கிறவருக்கு அது வெற்று பஸ். அது வெற்று பஸ் இல்லை என்பது அதில் தொங்கிக்கொண்டு போகிறவருக்குத்தான் தெரியும். அந்த அறிவு கச்சேரியில் இல்லை, டிப்போவில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குத்தான் இந்தக் கூட்டம்.

இரண்டாவது, வைத்தியசாலைச் சந்தியில் உள்ள தரிப்பிடத்தை பஸ் நிலையத்துக்கு மாற்றுவது. இதை முழுக்கப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வளைவில் பஸ் நின்றால் பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. விபத்து நடக்கும் இடம் அது. ஆனால் கிளினிக் நாளில் கால் வீக்கத்தோடு வருகிறவர் பஸ் நிலையத்திலிருந்து நடக்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். ஆகவே "மாற்றாதே" என்று கத்துவதை விட, வளைவைத் தாண்டி வைத்தியசாலை மதிலோரம் ஒரு தரிப்பிடம் தர முடியுமா என்று கேட்பது நல்லது. அங்கே இடம் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மூன்றாவது, இரவு 7 மணிக் கடைசி பஸ்ஸை 6 மணிக்குக் கொண்டுவருவது. அந்தப் பஸ்ஸில் வருகிறவர்கள் கடைகளில் வேலைசெய்யும் பிள்ளைகளும், வார்ட்டில் நோயாளியைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும். இவர்களில் எத்தனை பேர் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்குக் கூட்டத்துக்கு வர முடியும்? ஒருவராலும் முடியாது. அவர்களுக்காக வேறு யாராவது அவர்களின் கடிதத்தைக் கொண்டுபோக வேண்டும்.

இனி கொஞ்சம் கசப்பான ஒரு விடயம். போன கூட்டம் எப்படி முடிந்தது தெரியுமா? உங்கள் ஊருக்கு எத்தனை ஹோல்ட், எங்கள் ஊருக்கு எத்தனை ஹோல்ட் என்ற சண்டையில் முடிந்தது. நம் கரையோரத்தில் ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர், திரும்ப ஒரு தமிழ் ஊர் என்று வீதி போகிறது. பஸ் எல்லா ஊரையும் தொட்டுத்தான் போகிறது. 6.20 பஸ் போனதால் எங்கள் பிள்ளை மட்டும் பாதிக்கப்படவில்லை, பக்கத்து ஊர்ப் பிள்ளையும்தான். அங்குள்ள என் சக ஆசிரியை ஒருவர் சொன்னார், அவருடைய வகுப்பிலும் இரண்டு பிள்ளைகள் டவுன் பாடசாலையை விட்டு நின்றுவிட்டார்கள் என்று. நாம் ஹோல்ட்டுக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது பஸ்ஸே போய்விட்டது. இந்த முறை நாங்கள் இருவரும் பேசி, பாடசாலை நேர பஸ்ஸுக்கு இரண்டு ஊர்ப் பெற்றோரும் சேர்ந்து ஒரே கடிதம் கொடுப்பதென்று முடிவெடுத்திருக்கிறோம். இரண்டு ஊரும் ஒரே விடயத்தைக் கேட்டால், இன்னொரு ஊரைக் காட்டி நம் கோரிக்கையைத் தள்ளிவைக்க முடியாது.

கூட்டத்தில் எப்படிப் பேசுவது என்று சிலர் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. ஒரு ஆள் ஒரு விடயம். ஊரின் சரித்திரம் வேண்டாம். முந்திய அரசியல்வாதியின் பிழையும் வேண்டாம்.

2. "எப்பவும் பஸ் லேட்" என்று சொல்லாதீர்கள். அதை யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். இன்றிலிருந்து ஒரு கொப்பியில் குறியுங்கள்: நாள், பஸ் வந்த நேரம், ஏற முடியாமல் நின்றவர்கள் எத்தனை பேர், நிற்காமல் போனதா. நாலு நாள் குறிப்பு இருந்தால் போதும். அதோடு போனால் எதிரில் இருப்பவர் பேனையை எடுப்பார்.

3. என்ன வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். "2.30 வேண்டாம்" என்பது பாதிதான். "1.45 முடியாவிட்டால் 1.50, ஆனால் இ.போ.ச. பஸ்ஸாக இருக்க வேண்டும்" என்பதுதான் முழுக் கோரிக்கை.

4. பேசியதை எழுதியும் கொடுங்கள். இரண்டு பிரதி. ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத கடிதத்தை "கிடைக்கவில்லை" என்று சொல்ல முடியும்.

5. தமிழில் எழுதுங்கள். தமிழும் அரச கரும மொழி. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது. சிங்களத்தில் ஒரு பிரதி சேர்த்தால் மேலே போகும்போது வேகமாகப் போகும். அதற்கு உதவ நம் பாடசாலையில் சிங்களம் படிப்பிக்கும் ஆசிரியர் சம்மதித்திருக்கிறார்.

6. கூட்டக் குறிப்பில் உங்கள் கருத்து பதியப்பட்டதா என்று கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள். பிறகு அந்தக் குறிப்பின் பிரதியைத் தகவலறியும் சட்டத்தின் கீழ் கேட்டு எடுக்கலாம்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் பஸ்ஸில் போகிறவர்களைப் பார்த்தால் நாம்தான் கூட. ஆண்களுக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. பஸ்ஸை நம்பி இருப்பது ஆசிரியைகள், தாதியர், கார்மெண்ட்ஸுக்குப் போகும் பிள்ளைகள், கிளினிக்குக்குப் போகும் உம்மாமார். ஆனால் கூட்டத்தில் ஆண்கள்தான் பேசுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பஸ்ஸின் மிதிபலகை எவ்வளவு உயரம், அபாயாவோடு ஏறும்போது பஸ் நகரத் தொடங்கினால் என்ன நடக்கும், மாலை இருட்டில் எந்த ஹோல்ட்டில் லைட் இல்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். வீட்டில் மகனையோ கணவனையோ கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆனால் பேசுவது நீங்களாக இருங்கள்.

"போய் என்ன பிரயோசனம்?" அந்தக் காக்காவின் கேள்விக்குத் திரும்ப வருகிறேன். உண்மையைச் சொன்னால், கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். முடிவெடுத்துவிட்டுக் கூப்பிடுவதும் நடக்கிறதுதான். மின்கட்டணம் மாறும்போது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மாகாணம் மாகாணமாகப் போய் மக்களிடம் கருத்துக் கேட்கிறது. எழுதியும் அனுப்பலாம், நேரிலும் பேசலாம். பேசிய எல்லாம் நடக்கிறதா? இல்லை. ஆனால் அங்கே சொன்னது பதிவில் இருக்கிறது. கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பஸ் விடயத்தில் அந்தளவு ஒழுங்கு இன்னும் வரவில்லை. கிடைத்த சின்னக் கூட்டத்தையும் நாம் மதிக்காவிட்டால் அது வரப்போவதும் இல்லை. கதிரைகள் காலியாக இருந்தால் அடுத்த முறை கூட்டமே வைக்கமாட்டார்கள். வைக்காததற்குக் காரணமாக நம்மையே காட்டுவார்கள்.

நம் மார்க்கம் கலந்தாலோசனையை, ஷூராவை, எவ்வளவு உயர்வாகச் சொல்கிறது என்று ஜும்ஆவில் கேட்கிறோம். ஆலோசனை கேட்கிறவருக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. கேட்கப்படுகிறவருக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. வந்து, தெரிந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். நான் ஓர் அரச ஊழியர். யாரையும் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. பத்தொன்பது வருடம் பஸ்ஸில் போகும் ஒரு பயணியாக எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமைக்கு நான் அரை நாள் லீவு போட்டுவிட்டேன். வர முடியாதவர்கள் கடிதத்தைத் தாருங்கள், கொண்டுபோகிறேன். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டு முன்மண்டபத்தில் இருப்பேன். எழுதத் தெரியாத உம்மாமார் வந்து சொன்னால் போதும், உயர்தரப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறதா என்று வாசித்துக் கேட்டுவிட்டு ஒப்பமிடுங்கள். பேனையும் கடதாசியும் என் பொறுப்பு.

மேலே சொன்ன அந்தப் பிள்ளையும் வருவதாகச் சொன்னாள், மற்றவர்களுக்கு எழுதிக்கொடுக்க. "எனக்குத்தான் போயிட்டுது டீச்சர், தங்கச்சி அடுத்த வருஷம் ஓ.எல்." என்றாள். அவளுடைய தங்கையும் விஞ்ஞானம் படிக்க ஆசைப்படுகிறாள். அந்தப் பிள்ளைக்கு டவுனுக்குப் போக ஒரு பஸ் வேண்டும்.

இந்தப் பதிவைப் பகிருங்கள். பகிர்ந்ததோடு நிறுத்திவிடாமல், உங்கள் வீட்டில் பஸ்ஸில் போகிறவர் யார் என்று இன்றிரவு சாப்பாட்டில் கேளுங்கள். அவருக்கு என்ன பிரச்சினை என்று கேட்டு எழுதுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை 10 மணி. இன்ஷா அல்லாஹ், அங்கே சந்திப்போம்.

வஸ்ஸலாம்.